கால் அமுக்கலா, எண்ணெய் மசாஜா?

நாள் முழுக்க நின்றே வேலை பார்ப்பவர் என்றால் முதலில் கால் ரிஃப்லெக்ஸாலஜி (பாதத்தில் புள்ளி பார்த்து அமுக்கிவிடுவது) பக்கம் போங்கள். சிங்கப்பூர் சைனாடவுன் பீப்பிள்ஸ் பார்க் காம்ப்ளெக்ஸில் நிறையக் கடைகள் இருக்கின்றன. உடை மாற்ற வேண்டாம், அரை மணி நேரம் நாற்காலியில் சாய்ந்துவிட்டு நேராக எம்ஆர்டி ரயில் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். பாதத்தில் இந்தப் புள்ளி கல்லீரல், அந்தப் புள்ளி சிறுநீரகம் என்று சுவரில் படம் மாட்டியிருப்பார்கள், அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது (அந்த வகைப் படத்தைப் பரப்பியதே 1930களில் அமெரிக்காவின் யூனிஸ் இங்ஹாம் என்ற பிசியோதெரபிஸ்ட்தான்). ஆனால் கால் அசதி குறையும், மனசு லேசாகும், அது நிஜம்.

லிட்டில் இந்தியாவில் கிடைக்கும் ஆயுர்வேத எண்ணெய் மசாஜ், அதாவது அபியங்கம், வேறு ரகம். வெதுவெதுப்பான நல்லெண்ணெய் அல்லது மூலிகைத் தைலம், தலை முதல் பாதம் வரை, குத்தி அமுக்காமல் நீளமாகத் தேய்த்துவிடுவார்கள். ஏசி அறையிலேயே கிடந்து தோல் வறண்டு தோள்பட்டை இறுகிப்போனவர்களுக்கு என் ஓட்டு இதற்குத்தான், தீபாவளிக்கு மட்டும் எண்ணெய் தேய்க்கும் நமக்கு இது அந்நியமும் இல்லை. சிக்கல் என்னவென்றால் நேரமும் காசும் கூடுதல், அப்புறம் பிசுபிசுப்போடு ஆபீஸ் திரும்ப முடியாது.

சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்கள் கால் அமுக்கலைத் தவிர்ப்பது நல்லது, குச்சியால் அழுத்தும்போது காயம் பட்டாலும் தெரியாது. காலில் ரத்தக்கட்டி இருந்தால் இரண்டுமே வேண்டாம், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்டுவிட்டுப் போங்கள்.