காரைக்குடிக் கடைக்காரர்களே, உங்கள் போனில் தெரியும் ‘முதலிடத்தை’ நம்பிப் பணம் கட்டாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, ஆத்தங்குடிப் பக்கம் பலகாரக் கடை, கண்டாங்கிச் சேலைக் கடை, டைல்ஸ் பட்டறை என்று ஒன்றுவிடாமல் இணைய விளம்பர ஏஜென்ட்டுகள் ஏறி இறங்குகிறார்கள். “கூகுள்ல முதலிடம் வாங்கித் தர்றோம்” என்பது பேச்சு. மாதம் எட்டாயிரம், ஆறு மாதம் முன்பணம்.

ஒரு பலகாரக் கடை இதில் ஏமாந்திருக்கிறது. மூன்றாம் மாதம் ஏஜென்ட் கல்லாவுக்கே வந்து, “அண்ணே, உங்க போனைக் குடுங்க” என்று வாங்கி, ‘செட்டிநாடு பலகாரம்’ என்று தட்டினார். கடைப் பெயர் முதலில் வந்தது. மீதிப் பணமும் கைமாறியது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வர வேண்டிய தேங்குழல், மணகோலம் ஆர்டர் மட்டும் ஒன்றுகூடக் கூடவில்லை.

அந்த போன் கடைக்குள்ளேயே இருக்கிறது. கூகுள் முடிவுகள் ஆளுக்கு ஆள் மாறுவதில் பெரும்பங்கு இடத்துக்குத்தான்; தேடுபவருக்குப் பக்கத்தில் இருக்கும் கடை மேலே ஏறும். முதலாளி தன் தளத்தைத் தினமும் திறந்து பார்ப்பவர் என்றால், அந்தப் பழக்கமும் சேர்ந்து அவருக்கு அதையே முன்னால் தள்ளும். லாகின் செய்யாதவர்களுக்கும் 2009 டிசம்பரிலிருந்து இந்தத் தனிப்பயன் முடிவுகள் உண்டு. மயிலாப்பூரில் இருக்கும் ஆச்சி அதே சொல்லைத் தட்டினால் சென்னைக் கடைகள்தான் வரிசையாக வரும். வாங்கப் போவது அவர்தானே!

பிரவுசரின் இன்காக்னிட்டோவில் (தேடியதைச் சேமித்து வைக்காத தனி ஜன்னல்) காட்டினாலும் ஏமாறாதீர்கள். அதில் உங்கள் கணக்கின் பழைய தேடல்கள் கலக்காது, ஆனால் ஐபி முகவரியை (இணைய இணைப்பின் எண்) வைத்து கூகுள் ஊரைக் கணித்துவிடும். பக்கத்தின் அடியில் எந்த ஊர் என்று போட்டிருக்கும், பாருங்கள்.

நம்ப வேண்டியது சர்ச் கன்சோலை; உங்கள் தளம் தேடலில் எப்படி வருகிறது என்று கூகுளே காட்டும் கருவி அது. காசு கிடையாது. பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் கடைசி 28 நாளை அதற்கு முந்தைய 28 நாளோடு ஒப்பிடுங்கள். க்வெரி (தேடிய சொல்) ஃபில்டரில் உங்கள் கடைப் பெயர் இல்லாத தேடல்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். இதை மறக்கவே கூடாது, ஏனென்றால் கடைப் பெயரைத் தட்டினால் யாருக்கும் முதலில் வரும், அதற்கு ஏஜென்ட் தேவையில்லை. சராசரி இடம் 1.2 என்று இருந்தாலும் பக்கத்திலேயே இம்ப்ரெஷன் எவ்வளவு என்று பாருங்கள். ஆறு என்றிருந்தால், மாதம் முழுக்க ஆறே தடவைதான் யார் கண்ணிலாவது பட்டிருக்கிறது. ‘செக்காலை ரோடு கைமுறுக்கு மொத்த விற்பனை’ மாதிரி யாருமே தேடாத சொற்றொடரைப் பிடித்து “முதலிடம்” என்று காட்டுவது இப்படித்தான். வெளிநாட்டு ஆர்டர் வேண்டுமென்றால் நாடு ஃபில்டரில் சிங்கப்பூர், மலேசியா என்று தனித்தனியாகப் பாருங்கள்.

முதலிடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. அப்படிச் சொல்லிக்கொண்டு வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

பணத்தைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. டொமைன் (தளத்தின் முகவரிப் பெயர்), சர்ச் கன்சோல், மேப்பில் கடை வரும் பிசினஸ் புரொஃபைல் மூன்றையும் ஏஜென்ட் தன் மெயிலில் திறந்துவிடுவார். பிறகு விலகினால் சாவி அவரிடம். ஓனர் உங்கள் மெயிலாகவே இருக்கட்டும்; புரொஃபைலில் அவருக்கு மேனேஜர் அனுமதி போதும். ஏற்கெனவே மாட்டியிருந்தால், டொமைன் உங்கள் பெயரில் இருக்கும்வரை வழி உண்டு: டிஎன்எஸ்ஸில் (டொமைனுக்கான பதிவுப் பட்டியல்) சர்ச் கன்சோல் தரும் டெக்ஸ்ட் ரெக்கார்டைச் சேர்த்தால் நீங்களும் ஓனர். அதன்பின் ஓனர் என்று நிரூபிக்க அவர் போட்ட பழைய ரெக்கார்டையும் ஃபைலையும் அழித்துவிட்டு அவரை நீக்குங்கள்.