ஒரு வரி ஷரத்து, மொத்த சம்பளக் கணக்கும் காலி

சத்துவாச்சாரியில் இருக்கும் நண்பர் நேற்று கேட்டார்: "நீ எந்நேரமும் உட்கார்ந்து ஆடற அந்த ஃபுட்பால் கிளப் கேம் தள்ளுபடியில வந்திருக்கு. இன்னாபா, வாங்கலாமா?"

கிராஃபிக்ஸ், லேப்டாப் தாங்குமா என்பதெல்லாம் அவருக்கே தெரியும். என் பழைய லேப்டாப்பிலேயே ஓடுகிறது. மே மாதம் ஃபேன் அலறும். அது வேலூர் வெயிலின் குற்றம், கேமின் குற்றமில்லை. இதில் நாம் கிளப்பின் மேனேஜர். நான் சொல்ல வருவது, வீரர்களோடு சம்பளமும் ஷரத்தும் பேசும் ஒப்பந்தத் திரையைப் பற்றி மட்டும்தான். எனக்குப் பிடித்ததும் அங்கேதான், பல்லைக் கடிக்க வைப்பதும் அங்கேதான்.

முதலில் பிடித்தது. அணியில் யாருடைய ஒப்பந்தம் எந்த ஆண்டு முடிகிறது என்று வரிசையாக அடுக்கிப் பார்க்கலாம். ஒரே ஜூன் 30-இல் நாலு டிஃபெண்டருக்கும் முடிகிறதென்றால் அடிவயிறு கலங்கும். 1995-இல் பெல்ஜிய வீரர் போஸ்மன் போட்ட வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பு சொன்ன பிறகு, ஐரோப்பாவில் ஒப்பந்தம் முடிந்த வீரருக்காகப் பழைய கிளப் டிரான்ஸ்ஃபர் தொகை கேட்க முடியாது. கடைசி ஆறு மாதத்தில் அவர் வேறு கிளப்போடு பேசி முடித்தும் விடலாம். ஸ்ட்ரைக்கர் லெவண்டோவ்ஸ்கி 2014-இல் ஜெர்மன் கிளப்பான டார்ட்மண்டை விட்டு இன்னொரு ஜெர்மன் கிளப்பான பயர்னுக்குப் போனதும், எம்பாப்பே 2024-இல் பாரிஸ் கிளப்பிலிருந்து ரியல் மாட்ரிட் போனதும் இப்படித்தான். அதனால் ரெண்டு வருஷம் மிச்சம் இருக்கும்போதே நீட்டிக்கணும், இல்லையா, விற்றுடணும். நான் ஆடுவதும் டார்ட்மண்டைத்தான். ஒவ்வொரு ஆண்டும் நாலைந்து பேருக்கு மேல் முடியாதபடி ஆண்டுகளைப் பிரித்துப் போடுவதில் இருக்கும் சுகம், கோல் அடிப்பதில்கூட இல்லை. 'கிளப் விரும்பினால் ஓராண்டு நீட்டிக்கலாம்' என்ற ஷரத்தை வீரரின் ஏஜெண்டிடமிருந்து கறந்துவிட்டால் அன்றைக்கு ராத்திரி நல்ல தூக்கம்.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். 'அணியிலேயே அதிக சம்பளம் வாங்குபவருக்கு இணையாக' என்று ஒரு ஷரத்து உண்டு. ஏஜெண்ட் இதைக் கேட்டால் விடவே மாட்டான். நீக்கச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான், அந்த வீரரோடு மறுபடி பேச நாள் கணக்கில் காத்திருக்கணும். சரி என்று கொடுத்தால், அடுத்த சீசனில் ஒரு ஸ்ட்ரைக்கரை நல்ல சம்பளத்துக்கு எடுத்த மறு நொடியே, அந்த ஷரத்தை வாங்கிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் கோல்கீப்பருக்கும் அதே சம்பளம் ஏறிவிடும். ஆம்பூர் ஷூ கம்பெனியில் புது கட்டிங் மாஸ்டர் வந்ததற்காக வாட்ச்மேனுக்கும் அவர் சம்பளத்தைக் கொடுத்த கதைதான். அதைவிடக் கொடுமை, ஸ்ட்ரைக்கரிடம் பேரம் பேசும் திரையில் மிச்ச பட்ஜெட் என்று காட்டும் தொகையில் இந்த ஏற்றம் வராது. கையெழுத்துப் போட்ட பிறகு சிவப்பில் வரும். வருஷா வருஷம் புதுப் பதிப்பு விடுகிறார்கள், இந்த ஒரு எச்சரிக்கையைச் சேர்க்க யாருக்கும் நேரமில்லை.

நியாயமாகச் சொன்னால், நிஜ உலகிலும் சம்பளம்தான் கழுத்தைப் பிடிக்கிறது. 2021-இல் மெஸ்ஸி இருக்கச் சம்மதித்தும், ஸ்பெயின் லீக்கான லா லிகாவின் சம்பள வரம்பால் பார்சிலோனாவால் அவரைப் பதிவு செய்ய முடியவில்லை. இங்கிலாந்தின் செல்சி வேறு வழி பிடித்தது: 2023 ஜனவரியில் உக்ரைன் வீரர் முட்ரிக்குக்கு எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டு, ஒவ்வொரு ஆண்டின் செலவும் குறைவாகத் தெரியும்படி, வாங்கிய விலையைக் கணக்கில் அத்தனை ஆண்டுக்கும் பரப்பியது. ஐரோப்பிய கால்பந்து அமைப்பான யூஇஎஃப்ஏ அதே ஆண்டு ஐந்து ஆண்டுக்கு மேல் பரப்பக் கூடாது என்று விதி போட்டுவிட்டது. ஆனால் அந்த கிளப்களில் கணக்குப் பார்க்க ஒரு பெரிய அலுவலகமே இருக்கும். இங்கே நான் ஒருத்தன், அதுவும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம்.

ஆக, நண்பருக்கு என் பதில்: வாங்காதீங்க. பாதி விலைக்கு வந்தாலும் வேண்டாம். என் பேச்சைக் கேட்காமல் வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், ஏஜெண்ட் நீட்டும் பட்டியலைக் கீழிருந்து மேலே படியுங்கள். அப்புறம், இந்த ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட வேண்டாம். கேமில் ஜனவரி டிரான்ஸ்ஃபர் சந்தை திறக்கிறது, அந்த கோல்கீப்பரை யார் தலையிலாவது கட்டியாகணும்.