ஷாட் அமைப்பை எதில் வைப்பது: எக்செல், படிவம், மையக் கருவி

லேசரை இலக்கின்மேல் ஒருமுறை சுடுவதுதான் ஒரு ஷாட். அதற்குமுன் தீர்மானிக்கும் மதிப்புகளே அதன் அமைப்பு. அமெரிக்காவில் லிவர்மோரின் நேஷனல் இக்னிஷன் ஃபெசிலிட்டியில் 192 லேசர் கற்றைகள். ரோசெஸ்டரின் ஒமேகா லேசரில் 60. கற்றைகளுக்கு ஆற்றல், துடிப்பு வடிவம், குறிவைக்கும் புள்ளி, தாமதம் என மதிப்புகள் கொடுக்க வேண்டும். நடந்ததை அளக்கும் டயக்னாஸ்டிக் கருவிகளின் அமைப்பு வேறு இருக்கிறது.

எக்செல் யாருக்கும் கைவரும். ஒரே குழு, சில நாள் வேலை என்றால் போதும். ஆனால் தாமதத்தை ஒருவர் நானோ விநாடியில் எழுத, அடுத்தவர் பிக்கோ விநாடியில் எழுதினால் தடுக்க ஆளில்லை.

ஒமேகாவில் இருப்பதுபோல ஷாட் கோரிக்கைப் படிவம் அடுத்த படி. முந்தைய ஷாட்டை நகலெடுத்து இரண்டு மூன்று மதிப்புகளை மாற்றினால் முடிந்தது. அந்த நகல்தான் வில்லங்கமும்: இலக்கு மாறியிருக்கும், ஃபில்டர் பழையதாகவே நிற்கும், ஒளி மிகுந்து படம் வெளுத்துப்போகும். முழுப் படிவத்தையும் பார்த்து ஒப்புதல் தருவதில் பயனில்லை, யாரும் வரிவரியாகப் படிப்பதில்லை. முந்தைய ஷாட்டிலிருந்து மாறியவையும், மாற வேண்டியிருந்தும் மாறாதவையும் மட்டும் திரையில் வர வேண்டும்.

லிவர்மோரில் உள்ளதைப் போன்ற மையக் கருவி, விதிகளைச் சரிபார்த்து, ஒப்புதல் பெற்ற மதிப்புகளைக் கட்டுப்பாட்டு அமைப்புக்கே அனுப்பிவிடும். ஆப்டிக்ஸ் (லென்ஸ், கண்ணாடிகள்) சேதமானால் செலவு பெரிது, ஷாட்டுகளும் குறைவு. அங்கே இந்தக் கெடுபிடி தகும். புதிய டயக்னாஸ்டிக் சேர்க்கத்தான் இழுபறி: கருவியில் அதற்கு இடம் உருவாகும்வரை ஆட்கள் குறிப்புப் பெட்டியில் எழுதுவார்கள், அதை எந்த மென்பொருளும் படிக்காது. 10 ஹெர்ட்ஸ் லேசருக்கு மணிக்கு 36,000 ஷாட். அங்கே ஷாட்டுக்கு ஒரு படிவம் கேலிக்கூத்து, ஒரு மதிப்பைப் படிப்படியாக மாற்றிச் சுடும் ஷாட் வரிசைக்கு ஒன்று போதும்.

எதை எடுத்தாலும் 'திட்டமிட்டது', 'நடந்தது' என இரு பதிவுகள் தேவை. கோஆக்சியல் கேபிள் ஒரு மீட்டர் கூடினால் சுமார் 5 நானோ விநாடி தாமதம். மிகக் குறுகிய நேரத்தில் ஒளி மாறுவதைப் பதியும் ஸ்ட்ரீக் கேமராவின் நேரச் சாளரத்தைவிட்டே சிக்னல் வெளியேறலாம். கடைசி நேரத்தில் கேபிளையோ ஃபில்டரையோ மாற்றுபவர் அதன் பார்கோடை ஸ்கேன் செய்தாக வேண்டும்.

தரவுக்கு வருவோம். படங்களையும் அலைவடிவங்களையும் தரவுத்தளத்துக்குள்ளேயே திணிப்பதைவிட, எச்டிஎஃப்5 (அறிவியல் தரவுக்கான கோப்பு வடிவம்) கோப்புகளாக வைத்து, தரவுத்தளத்தில் அட்டவணை மட்டும் வைப்பதே மேல்: கோப்பைப் பைத்தானில் நேரே திறக்கலாம், தரவுத்தளமும் வீங்காது. மூலக்கோப்பைத் திருத்தவே கூடாது. கருவி காட்டும் எண்ணை உண்மையான அளவாக மாற்றும் அளவுத்திருத்தத்துக்குத் தனிப் பதிப்பு எண் கொடுங்கள். 2022 டிசம்பர் 5 அன்று லிவர்மோரில் 2.05 மெகாஜூல் லேசர் ஆற்றல் உள்ளே போய் 3.15 மெகாஜூல் அணுக்கரு இணைவு ஆற்றல் வந்தது என்ற கணக்கும் அளவுத்திருத்தங்களின் மேல்தான் நிற்கிறது. எக்ஸ்ரே போன்ற கதிர்களைப் பதியும் இமேஜ் பிளேட் தகட்டில் பதிவானது நேரம் ஆக ஆக மங்கும். ஷாட்டுக்கு எத்தனை நிமிடம் கழித்து ஸ்கேன் செய்தார்கள் என்பது கோப்பிலேயே இல்லாவிட்டால், பிறகு அந்த மங்கலைத் திருத்த வழியில்லை.