ஓசூருக்கு ஹைட்ரஜன்: இங்கேயே தயாரிப்பதா, தூத்துக்குடியிலிருந்து கொண்டுவருவதா?

தூத்துக்குடியில் காற்று, வெயில், கடல்நீர், துறைமுகம் எல்லாம் உண்டு. உரம், ஏற்றுமதி போன்ற பெருந்தேவைக்கு அதுவே பொருத்தம். ஓசூர் ஆலைகளுக்கோ சிக்கல் பயணத்தில்தான்: 200 பார் அழுத்தத்தில் (காற்றழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு) இரும்பு உருளைகளில் அடைத்தால், கனரக லாரி ஒன்று சுமப்பது சில நூறு கிலோ வாயுவை மட்டுமே. மீதி எடையெல்லாம் இரும்பு!

கிருஷ்ணகிரி மாவட்டத்திலேயே சூரிய மின்சாரத்தால் நீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுத்தால் அந்த வீண் சுமை இல்லை. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு 50 யூனிட்டுக்கு மேல் மின்சாரமும், குறைந்தது 9 லிட்டர் தூய நீரும் வேண்டும். சுத்திகரிப்பில் கழிவது தனி. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கலந்திருப்பதால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரை நம்பி வாழும் ஊர்கள் இவை. அந்தக் குழாயில் யாரும் கைவைக்கக் கூடாது. நகரக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்துவதென்றால், சிறிய அளவில் இங்கேயே தயாரிப்பதற்குத்தான் என் ஓட்டு.