விண்வெளிப் போர்ப் பயிற்சி: பாவனைக் களமா, நேரடிச் சோதனையா?

விண்வெளிப் போருக்குப் படைகள் இரண்டு வழிகளில் பழகுகின்றன. முதலாவது பாவனைப் பயிற்சி. அமெரிக்கா 2001 முதல் நடத்திவரும் ஷ்ரீவர் பயிற்சியும், 2021 மார்ச்சில் பிரான்ஸ் துலூஸ் நகரில் தொடங்கிய ஆஸ்டர்எக்ஸும் இவ்வகையின. தொடர்பாடல் செய்மதி முடக்கப்பட்டாலோ அந்நியச் செய்மதியொன்று நெருங்கி வந்தாலோ யார், எவ்வளவு விரைவில் முடிவெடுப்பது என்பதை அதிகாரிகள் மேசையிலும் கணினித் திரையிலும் ஒத்திகை பார்க்கிறார்கள். ஆயுதம் உண்மையில் வேலை செய்யுமா என்பதை மட்டும் இதில் நிரூபிக்க முடியாது.

நேரடிச் சோதனை அதை நிரூபிக்கும். ஆனால் அதற்கான விலையை எல்லோரும் கொடுக்கிறோம். 2007 ஜனவரியில் சீனா சுமார் 860 கிலோமீற்றர் உயரத்தில் தனது பழைய வானிலைச் செய்மதியைத் தகர்த்தபோது, கண்காணிக்கத்தக்க 3,000க்கும் மேற்பட்ட துண்டுகள் சிதறின. அவற்றுள் பல இன்னமும் சுற்றுகின்றன. 2019 மார்ச்சில் இந்தியா ஏறத்தாழ 300 கிலோமீற்றர் உயரத்தைத் தேர்ந்ததால் பெரும்பாலானவை சில மாதங்களில் விழுந்து எரிந்தன. 2021 நவம்பர் 15 அன்று ரஷ்யா நடத்திய சோதனையின்போதோ, சர்வதேச விண்வெளி நிலையத்திலிருந்த ஏழு பேரும் தத்தம் விண்கலங்களுக்குள் ஒதுங்க நேர்ந்தது.

இலங்கை மலையகத் தோட்டங்களில் நமது லயக் குடியிருப்புக் கூரைகளின் டிஷ்களுக்குப் படம் அனுப்பும் செய்மதிகள் ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் இருப்பதால் இச்சிதைவுகள் அவற்றை எட்டா. துருவங்களுக்கு மேலாகச் செல்லும் துருவப்பாதை வானிலைச் செய்மதிகள் பலவோ அந்த 860 கிலோமீற்றரை ஒட்டியே சுற்றுகின்றன. 2014 ஒக்டோபரில் மீரியபெத்தை மண்சரிவைக் கண்ட மலையகத்துக்கு மழை முன்னறிவிப்பு உயிர்ப்பிரச்சினை. ஆகவே பாவனைப் பயிற்சியையே நான் உறுதியாக ஆதரிக்கிறேன்.