காயலான் கடைப் பாகங்களில் கட்டிய வால்வு கிட்டார் பிரீஆம்ப்: ஆறு ஆண்டு அனுபவம்

கிட்டாரின் மெல்லிய சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்ப் ஒன்றை, டிரான்சிஸ்டருக்கு முந்திய கண்ணாடிக்குழல்களான வால்வுகளைக் கொண்டு, ஒவ்வொரு பகுதியையும் தனிக் கார்டாகக் கழற்றி மாட்டும்படி கட்டி, ஆறு ஆண்டுகளாக ஏறக்குறைய நாள்தோறும் வாசித்து வருகிறேன். அதில் உள்ள பாகங்களில் பாதிக்கு மேல் சென்னை ரிச்சித் தெருவின் பழைய சரக்குக் கடைகளிலும் காயலான் கடைகளிலும் பொறுக்கியவை. இப்படி ஒன்றைக் கட்ட நினைப்பவர்கள் முதலில் கேட்பது ஒலி எப்படி இருக்கிறது என்பதைத்தான். ஒலி நன்றாகவே இருக்கிறது. ஆனால் நான் முதலில் சொல்ல விரும்புவது வேறு. பழைய பாகங்களை நம்பிக் கட்டும் கருவி எங்காவது ஓரிடத்தில் பழுதாகிக்கொண்டேதான் இருக்கும். அந்தப் பழுது ஒரு கார்டோடு நின்றுவிடும்படி கட்டியதால்தான் இது இன்றும் ஓடுகிறது.

மாட்யூல் முறை எனக்கு முன்பே உள்ளதுதான். அமெரிக்காவின் புரூஸ் எக்னேட்டர் வடிவமைத்து ரேண்டால் நிறுவனம் விற்ற எம்டிஎஸ் வரிசையில், இரண்டு 12ஏஎக்ஸ்7 வால்வுகள் கொண்ட பிரீஆம்ப் மாட்யூல் ஒன்றை உருவிவிட்டு வேறொன்றைச் செருகலாம். அதே எண்ணத்தை, காயலான் கடையில் கிடைத்த 19 அங்குல ரேக் சட்டம் ஒன்றுக்குள் நான் கொண்டுவந்தேன். 100க்கு 160 மில்லிமீட்டர் அளவுள்ள யூரோ கார்டுகள், அவற்றின் பின்புறம் கனெக்டர், எல்லாக் கார்டுக்கும் பொதுவாக 280 வோல்ட் உயர் மின்னழுத்தம், வால்வைச் சூடாக்கும் ஹீட்டருக்கு 12.6 வோல்ட் டிசி, எர்த், சிக்னல் உள்ளே, சிக்னல் வெளியே என்பதுதான் ஏற்பாடு. 280 வோல்ட் வரும் பின்னுக்கு இருபுறமும் சில பின்களை வெறுமையாக விட்டேன். நான்கு இடங்களில் மூன்று இப்போது நிறைந்துள்ளன.

கார்டின் உள்ளமைப்பில் புதுமை எதுவும் இல்லை. ஈசிசி83 என்பது 12ஏஎக்ஸ்7 வால்வின் ஐரோப்பியப் பெயர், ஒரே குழலில் இரண்டு பெருக்கிகள் கொண்டது. அதன் ஒவ்வொரு பாதிக்கும் பிளேட்டில் (வெளியீட்டு முனை) 100 கிலோ ஓம் ரெசிஸ்டர், கேத்தோடில் (எலெக்ட்ரானை வெளிவிடும் முனை) 1.5 கிலோ ஓம், அதற்கு இணையாக 25 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அடுத்த நிலைக்குச் செல்ல 0.022 மைக்ரோஃபாரட் என, பல பத்தாண்டுகளாகக் கிட்டார் ஆம்ப்ளிஃபையர்களில் இருந்துவரும் அளவுகளையே கையாண்டேன். ஒரு நிலை ஏறக்குறைய 60 மடங்கு பெருக்கித் தருகிறது.

வால்வு தேடிய கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் ஒரு காலத்தில் நம் நாட்டு ரேடியோக்களுக்கான வால்வுகளைத் தயாரித்தது. பிஇஎல் என்ற அதன் பெயர்ச் சுருக்கம் பொறித்த ஈஎல்84 வால்வு இன்றும் பழைய ரேடியோப் பெட்டிகளுக்குள் கிடைக்கிறது. பிரீஆம்புக்கு வேண்டிய ஈசிசி83 ரேடியோவைவிடப் பழைய மைக் செட் ஆம்ப்ளிஃபையர்களில்தான் எனக்குக் கிடைத்தது. ரிச்சித் தெருவில் முதியவர் ஒருவர், “தம்பி, வால்வெல்லாம் எப்பவோ போயிடுச்சு, பேஸ் மட்டும்தான் இருக்கு” என்று சொல்லி ஒரு பிஸ்கட் டப்பாவை என் முன் கவிழ்த்தார். அதில் பேக்கலைட் பேஸ்களுக்கு (வால்வைச் செருகும் சாக்கெட்டுகள்) இடையே பன்னிரண்டு பீங்கான் பேஸ்கள் இருந்தன. அவற்றில் ஒன்றுகூட இதுவரை பழுதாகவில்லை.

எந்தப் பாகத்தைப் பொறுக்கலாம், எதைத் தொடக்கூடாது என்பதை அந்தப் பேஸ்களே எனக்குக் கற்றுத்தந்தன. பீங்கான், மைக்கா, பாலிஸ்டைரின் ஆகியவை ஐம்பது ஆண்டுகள் கழித்தும் அப்படியே இருக்கின்றன. காகிதமும் மெழுகும் ரப்பரும் எலக்ட்ரோலைட்டும் அப்படி இருப்பதில்லை. பழைய கார்பன் காம்போசிஷன் ரெசிஸ்டர்களைப் பலர் விரும்பித் தேடுகிறார்கள். நான் வாங்கியவற்றில் 100 கிலோ ஓம் என்று வண்ணக்கோடு காட்டியவை 120, 130 எனக் காட்டின, இரைச்சலும் கூடுதலாக இருந்தது. பிளேட்டில் இப்போது புதிய மெட்டல் ஃபிலிம் ரெசிஸ்டர்களையே போடுகிறேன். காயலான் கடையில் டெக்ட்ரானிக்ஸ் அலைவுகாட்டி ஒன்றிலிருந்து எடுத்த பீங்கான் பட்டைகள் வயரிங்குக்கு மிக அருமையானவை. ஆனால் அவற்றில் வெள்ளி கலந்த சாலிடரைத்தான் பயன்படுத்த வேண்டும். சாதாரண ஈயத்தைத் திரும்பத் திரும்ப வைத்தால் பட்டையின் வெள்ளிப் பூச்சு ஈயத்தில் கரைந்து பிடிப்பு விட்டுவிடும்.

முதல் பெரிய பழுது இரண்டாம் ஆண்டில் வந்தது. வால்யூம் கண்ட்ரோலைத் திருகும்போதெல்லாம் கரகரவென்று ஓசை எழுந்தது. கண்ட்ரோலை மாற்றியும் போகவில்லை. வால்வைக் கழற்றிவிட்டு மல்டிமீட்டரைக் கண்ட்ரோலின் மேல்முனையில் வைத்தேன். அங்கே டிசி மின்னழுத்தம் பூஜ்யமாக இருக்க வேண்டும், 1.8 வோல்ட் காட்டியது. முன் நிலையின் பிளேட்டிலிருந்து வரும் 0.022 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் கசிந்திருந்தது. 630 வோல்ட் என்று அச்சிட்டு ஒரு கடையில் மலிவாகக் கொடுத்த கெப்பாசிட்டர் கட்டுக்குள் பெரும்பாலானவை அதே நிலையில் இருந்ததைப் பின்னர் சோதித்துக் கண்டேன். அன்று முதல், பழைய சரக்கில் வாங்கும் எந்தக் கெப்பாசிட்டரையும் 280 வோல்ட்டில் அரைமணி நேரம் வைத்துக் கசிவு பார்க்காமல் கார்டில் ஏற்றுவதில்லை. அந்தக் கார்டு மேசையில் திறந்து கிடந்த இரண்டு வாரமும் மற்ற இரு கார்டுகளை வைத்து நான் வாசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

மின்சப்ளைதான் என்னை அதிகம் படுத்தியது. 230 வோல்ட்டை 12 வோல்ட்டாக இறக்கும் ரிச்சித் தெரு டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும், அதே போன்ற இன்னொன்றைத் தலைகீழாகவும் இணைத்து உயர் மின்னழுத்தம் எடுத்தேன். நான்கு வால்வுகள் மொத்தமாக 10 மில்லிஆம்பியர்கூடக் கேட்பதில்லை என்பதால் இந்த எளிய முறை போதுமானது, விலையும் குறைவு. ஹீட்டருக்கு, 12 வோல்ட்டை நிலையாகத் தரும் 7812 ரெகுலேட்டரின் எர்த் காலில் ஒரு டையோடு வைத்து 12.6 வோல்ட் பெற்றேன். கோடை மாலைகளில் எங்கள் பகுதியில் மின்னழுத்தம் 190 வரை இறங்கும்போது ரெகுலேட்டருக்கு உள்ளே வரும் மின்னழுத்தத்துக்கும் வெளியே செல்வதற்கும் இடையே வேண்டிய இடைவெளி கிடைக்காமல் ஹம் என்ற ரீங்காரம் எழுந்தது. வால்வுதான் கெட்டது என்று எண்ணி மூன்று வால்வுகளை மாற்றிப் பார்த்த பிறகே காரணம் புரிந்தது. ஹீட்டருக்கு மட்டும் தனியாக 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரும் பெரிய ஹீட் சிங்க்கும் வைத்த பின் அந்தத் தொல்லை திரும்பவில்லை.

கனெக்டரைப் பற்றியும் ஒரு சொல். கடற்கரைக்கு அருகில் வசிப்பவர்கள் தங்கமுலாம் பூசிய கனெக்டரை மட்டுமே எடுங்கள். வெள்ளிமுலாம் பூசியவை ஒரே மழைக்காலத்தில் கறுத்து, சிக்னலை விட்டுவிட்டுத் தந்தன.

பாதுகாப்பில் எந்தத் தளர்வும் கூடாது. சப்ளையை முதன்முதலில் இயக்கும்போது 60 வாட் குண்டு பல்பைச் சீரீஸில் வையுங்கள். ஃபில்டர் கெப்பாசிட்டருக்குக் குறுக்கே, அதில் தங்கும் மின்னூட்டத்தை வடிக்க, 220 கிலோ ஓம் ரெசிஸ்டர் நிரந்தரமாக இருக்கட்டும். மின்சாரம் ஓடும்போது கார்டை உருவாதீர்கள். அணைத்த பிறகும் மீட்டரில் மின்னழுத்தம் இறங்கிவிட்டதைக் கண்ணால் பார்த்த பின்னரே நான் கை வைக்கிறேன்.

நான்காவது இடத்துக்கு இப்போது ஈஎஃப்86 என்ற பென்டோடு (ஐந்து மின்முனை) வால்வில் ஒரு கார்டு கட்டி வருகிறேன். அதன் ஹீட்டர் 6.3 வோல்ட்டில் 200 மில்லிஆம்பியர் எடுப்பதால், 12.6 வோல்ட் லைனில் 33 ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சீரீஸில் வைத்திருக்கிறேன். பென்சிலால் தட்டினால் மணிபோல் ஒலிக்கும் வால்வு இது. பேஸை ரப்பர் வளையங்களில் தொங்கவிட்ட பின் அந்த மணியோசை பாதியாகக் குறைந்துள்ளது. இன்னும் மென்மையான ரப்பரைத் தேடி இந்தச் சனிக்கிழமை மீண்டும் ரிச்சித் தெருவுக்குப் போகிறேன்.