இத்தாலியில் ஒரே நாளில் கோட்டையும் மலைக்கிராமமும் காட்டுகிறோம் என்பவர்களிடம் உஷார்: 420 யூரோ போச்சு

ரோமிலிருந்து கிளம்பி ஒரே நாளில் பழைய கோட்டை, மலையுச்சிக் கிராமம் எல்லாம் சுற்றிக் காட்டுகிறோம் என்று இணையத்தில் விற்கிறார்களே, அதற்கு 420 யூரோ கட்டிவிட்டு நடுவழியில் நின்றுவிட்டு வந்திருக்கிறோம். நம் காசுக்கு 40,000 ரூபாய்க்கு மேல். சனிக்கிழமை நடந்தது. இன்றுவரை ஒரு சென்ட் திரும்பவில்லை. தொகை சரியாக 420 என்பதைக் கேட்டு வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

தளத்தின் பெயரைப் போடவில்லை. டிக்கெட், வழிகாட்டி, வண்டி என்று உலகம் முழுக்க எல்லாச் சுற்றுலாவையும் ஒரே இடத்தில் விற்கும் ரகம். விற்பது அவர்கள், நடத்துவது உள்ளூரில் யாரோ. வவுச்சரில் எழுதியிருந்ததை அப்படியே சொல்கிறேன். காலை 8 மணிக்கு விடுதி வாசலில் ஏற்றிக்கொள்வார்கள். பிராச்சியானோ ஏரிக்கு மேலே இருக்கும் ஒர்சினி கோட்டைக்குள் வழிகாட்டியோடு நுழைவு. அப்புறம் சிவிட்டா டி பான்யோரேஜோ கிராமம், நுழைவுக் கட்டணம் சேர்த்து. மதியச் சாப்பாடு. கடைசியில் ஒர்வியட்டோ கதீட்ரல் பக்கத்திலேயே இறக்கிவிட்டு, மாலையில் ரோமுக்குத் திருப்பிக் கொண்டுவந்து விடுவார்கள். ஆளுக்கு 140 யூரோ. அப்பா, அம்மா, நான்.

நான் நம்பியது தளத்தில் இருந்த ஐந்து நட்சத்திர விமர்சனங்களைப் பார்த்து இல்லை. பணம் கட்டிய அன்று மாலையே ஒருவர் போன் செய்தார். நல்ல ஆங்கிலம், அவசரமே இல்லாத குரல். கூட வருபவர்களுக்கு வயது என்ன என்று கேட்டார். அம்மாவுக்கு முட்டி வலி என்றதும், "அப்படியானால் சிவிட்டாவில் பாலம் வரைக்கும் வண்டியைக் கொண்டுபோகிறேன், ஒர்வியட்டோவிலும் மேலேயே இறக்கிவிடுகிறேன், அவங்க ஒரு படிகூட ஏற வேண்டாம்" என்றார். சைவம் என்றேன். மீனும் கூடாதா, முட்டையும் கூடாதா என்று தனித்தனியாகக் கேட்டுக் குறித்துக்கொண்டார். ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "எவ்வளவு தன்மையா பேசறாரு பாரு" என்றார். இருபத்து நான்கு மணி நேரத்துக்கு முன்பு வரை இலவசமாக ரத்து செய்யலாம் என்ற வசதி கையில் இருந்தது. அந்தக் குரலைக் கேட்டபின் அதைப் பற்றி யார் யோசிப்பார்கள்?

சனிக்கிழமை வந்தது அந்த ஆளும் இல்லை, சொன்ன வேனும் இல்லை. ஒன்றேகால் மணி நேரம் தாமதமாக ஒரு சின்ன கார், ஒரு டிரைவர். வழிகாட்டி எங்கே என்றால், "அங்கே வந்து சேர்ந்துகொள்வார்" என்றார். எந்த அங்கேயிலும் யாரும் வரவில்லை.

பிராச்சியானோவில் ஏரிக்கரையோரம் காரை நிறுத்தினார். மேலே கோட்டை தெரிகிறது. 1470 வாக்கில் ஒர்சினி குடும்பம் கட்ட ஆரம்பித்த கோட்டை. "டாம் குரூஸ் கல்யாணம் நடந்த இடம் தெரியுமா? இன்றைக்கும் ஒரு கல்யாணம், அதனால் மூடிவிட்டார்கள், இங்கிருந்தே போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார். 2006-ல் டாம் குரூஸ் அங்கே கல்யாணம் செய்துகொண்டது உண்மை. அதனால்தான் பொய்யும் உண்மை போலவே இருந்தது. காபி குடிக்கப் போனால், பக்கத்து மேசையில் ஒரு குடும்பம். அந்தச் சின்னப் பையன் கோட்டை டிக்கெட்டைச் சுருட்டிக் கண்ணில் வைத்துத் தொலைநோக்கி மாதிரி விளையாடிக்கொண்டிருக்கிறான். கேட்டேன். இப்போதுதான் உள்ளே போய்விட்டு வருகிறோம், கூட்டமே இல்லை என்கிறார்கள். அவர்களிடம் கேட்டு அந்த டிக்கெட்டைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி. டிரைவரிடம் காட்டினால் கடிகாரத்தைக் காட்டுகிறார். நேரமாகிவிட்டதாம். ஒன்றேகால் மணி நேரத்தைத் தின்றது யார்?

சிவிட்டாவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த ஊர்மேல் எனக்குக் கோபம் இல்லை. களிமண் மேட்டின் மேல் எரிமலைப் பாறை, அதன் மேல் ஊர். கீழே களிமண் கரையக் கரைய மேலே பாறை ஓரம் ஓரமாக உடைந்து விழுகிறது. சாகிற ஊர் என்றே அதைச் சொல்கிறார்கள். 1695 நிலநடுக்கத்துக்குப் பிறகு ஜனங்கள் பக்கத்துப் பான்யோரேஜோவுக்கு நகர்ந்துவிட்டார்கள், இப்போது அங்கேயே குடியிருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவுதான். போக ஒரே வழி, சுமார் 300 மீட்டர் நடைபாலம், கடைசியில் நல்ல ஏற்றம். 2013-ல் ஒன்றரை யூரோவில் ஆரம்பித்த நுழைவுக் கட்டணம் இப்போது 5 யூரோ. "பாலம் வரைக்கும்" என்ற வாக்கு என்ன ஆயிற்று தெரியுமா? ஊருக்கு எதிரே இருக்கும் காட்சிமுனையிலேயே காரை நிறுத்திவிட்டார். கீழே படியிறங்கிப் பாலத்துக்குப் போகணும், கட்டணமும் நாங்களே கட்டணும், முக்கால் மணி நேரத்தில் திரும்பணும். அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு தூரத்திலிருந்தே பார்த்தார். "விடு, இங்கேயே நல்லா தெரியுது" என்றார். அவரைத் தனியாக விட்டுவிட்டு நான் எங்கே போவது? அப்பா மட்டும் பாதிப் பாலம் வரை போய் வந்தார்.

சாப்பாடு ஒரு ரோட்டோரக் கடையில் தக்காளி வைத்த ரொட்டித் துண்டு. அதோடு அதை விட்டுவிடுகிறேன்.

ஒர்வியட்டோவில்தான் உச்சம். மலைமேல் இருக்கும் ஊருக்குக் கீழே, ரயில் நிலையத்தில் இறக்கிவிட்டு, மேலே வண்டிக்குத் தடை, கேபிள் ரயிலில் போங்கள், ஐந்து மணிக்கு இங்கேயே நிற்கிறேன் என்றார். சரி என்று போனோம். 1290-ல் தொடங்கிய அந்தக் கதீட்ரலின் முகப்பைப் பார்த்தபோது மட்டும் கொஞ்ச நேரம் கோபம் மறந்தது. கேபிள் ரயில் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சான் பாத்ரீசியோ கிணறு. 248 படி, இறங்குபவரும் ஏறுபவரும் சந்திக்காதபடி இரண்டு சுருள் வழி. தண்ணீர் சுமக்கும் கோவேறு கழுதைகள் ஒன்றையொன்று மறிக்கக் கூடாது என்று செய்த ஏற்பாடு. வெளியில் நின்று அறிவிப்புப் பலகையைப் படித்ததோடு சரி, ஐந்து மணிக்குக் கீழே இருக்க வேண்டுமே.

இருந்தோம். அவர் இல்லை. போன் அடிக்கிறது, எடுக்கவில்லை. அப்புறம் அணைந்தே போயிற்று. ஏழு மணிக்கு மேல் ரயிலில் ரோம் திரும்பினோம். ஆளுக்குச் சுமார் பத்து யூரோ. அந்த டிக்கெட்டையும் 420 யூரோ வவுச்சரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது வந்த எரிச்சல் இருக்கிறதே!

அன்று இரவே தளத்தின் சாட்டில் புகார். "நாங்கள் இடைத்தரகர் மட்டுமே, நடத்துபவரிடம் பேசுங்கள்." நடத்துபவரிடம் அனுப்பினால் இரண்டு நீலக் குறி மட்டும் விழுகிறது. மறுபடி தளம். ஆதாரம் கேட்டார்கள், டிக்கெட் படத்தையும் போன் பதிவையும் அனுப்பினேன். அடுத்த முறை வேறொருவர் வந்து முதலிலிருந்து கேட்டார். கடைசியில் வந்த பதில்தான் வயிற்றெரிச்சல்: கோட்டை மூடியது யார் கையிலும் இல்லையாம், ஒர்வியட்டோவில் நாங்களாகவே பிரிந்து போய்விட்டோமாம், ஆகவே பயணம் "முழுமையாக நடந்தது". ஆறுதலாக 21 யூரோ கூப்பன், அதுவும் மூன்று மாதத்துக்குள் அவர்களிடமே செலவழிக்க வேண்டும். நான் போட்ட விமர்சனம் விதிகளுக்கு உட்படவில்லை என்று வெளியிடவே இல்லை. இப்போது புரிகிறதா எல்லாமே ஐந்து நட்சத்திரமாக இருப்பது எப்படி என்று? அப்பா, "விடும்மா, காசு போனா போகுது" என்கிறார். 420 யூரோவை எப்படி விடுவது?

விரிவாக வழிகாட்ட நினைத்தேன், எழுதி எழுதிக் கை ஓய்ந்துவிட்டது. அவசரமாகச் சில. இத்தாலியில் டாக்சி இல்லாமல், டிரைவரோடு காசு வாங்கிக்கொண்டு ஆளேற்றும் வாடகை வண்டிக்கு என்சிசி (NCC) என்ற உரிமம் வேண்டும், பின்னால் தகடு இருக்கும்; அது இல்லாவிட்டால் ஏறாதீர்கள். வழிகாட்டியும் உரிமம் வைத்திருக்க வேண்டும், அவர் பெயரை முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். நுழைவு சேர்த்து என்றால் டிக்கெட்டைக் காலையிலேயே காட்டச் சொல்லுங்கள். கோட்டை திறந்திருக்கிறதா என்று அதன் சொந்த இணையதளத்தில் நீங்களே பாருங்கள். பிராச்சியானோவுக்கு ரோமிலிருந்து நேரடி உள்ளூர் ரயில் இருக்கிறது, சுமார் ஒரு மணி நேரம். ஒர்வியட்டோவுக்கும் ரயில்தான். அங்கிருந்து பான்யோரேஜோவுக்குப் பஸ் உண்டு, ஆனால் குறைவு, ஞாயிற்றுக்கிழமை அதை நம்பிக் கிளம்பாதீர்கள். சொந்தமாகக் கார் எடுத்தால் பழைய ஊர் வாசலில் வெளி வண்டிக்குத் தடை என்று சொல்லும் சிவப்பு வட்டப் பலகையைத் தாண்டாதீர்கள், கேமரா இருக்கிறது, அபராதம் வீடு தேடி வரும்.

கார்டு வங்கியில் புகார் கொடுத்திருக்கிறேன். ஸ்டேட்மென்டில் தளத்தின் பெயரே இல்லை, வேறு ஏதோ நாட்டு நிறுவனத்தின் பெயர் இருக்கிறது, அதற்கே தனியாக விளக்கம் கேட்கிறார்கள். ஏதாவது நடந்தால் எழுதுகிறேன்.